கடல் வருமானத்தில் கோயிலுக்கு ஒரு பங்கு: எப்படித் தீர்மானிப்பது, எப்படிக் கணக்கிடுவது

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், மூக்கையூர் என்று நீளும் நம் கரையின் கிறிஸ்தவ வீடுகளில் ஆண்டுக்கு ஒரு முறையாவது எழும் கேள்வி, கைக்கு வரும் பணத்தில் கோயிலுக்கென்று ஒரு பங்கை ஒதுக்க வேண்டுமா, ஒதுக்குவதென்றால் எவ்வளவு என்பதுதான். மாதச் சம்பளக்காரருக்கு இது ஒரு வரியில் முடியும் கணக்கு. ஒரு நாள் கூடை நிறைய நண்டும் மறுநாள் வெறும் வலையுமாகக் கரைக்குத் திரும்புகிறவருக்கு அப்படியன்று. எங்கள் பங்கின் (கத்தோலிக்கக் கோயில் வட்டாரத்தின்) நிதிக்குழுவில் ஆறு ஆண்டுகள் கணக்கு எழுதியவன் என்ற முறையில், கொடுப்பவர்களின் தயக்கத்தையும் பெறுபவர்களின் தேவையையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பங்கை ஒதுக்கத்தான் வேண்டும். அதன் அளவை நீங்களும் உங்கள் வீட்டாரும் கூடித் தீர்மானிக்க வேண்டும். கடன் வாங்கியோ, சாபத்துக்கு அஞ்சியோ, ஊர் என்ன சொல்லுமோ என்று கூசியோ அதைக் கொடுக்கக் கூடாது.

முதலில் செய்ய வேண்டியது, பத்தில் ஒன்று என்ற அளவு எங்கிருந்து வந்தது என்பதை வேதத்தைத் திறந்து நீங்களே வாசிப்பதாகும். லேவியராகமம் 27-ஆம் அதிகாரம் தசமபாகத்துக்கு (பத்தில் ஒரு பங்குக்கு) உரியவையாகச் சொல்பவை நிலத்தின் விளைச்சலும் மரத்தின் கனியும் ஆடுமாடுகளும். கடல் மீன் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் மீனவருக்குக் கடமை இல்லை என்று நான் வாதாட வரவில்லை. அந்தச் சட்டம் ஒரு குறிப்பிட்ட நாட்டின் உழவருக்கும் மேய்ப்பருக்கும், சொந்த நிலம் பெறாமல் வழிபாட்டுப் பணி செய்த லேவியரைத் தாங்குவதற்காக வகுக்கப்பட்டது என்பது கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன். எண்ணாகமம் 18-ஆம் அதிகாரத்தின்படி, வாங்கிய லேவியரும் தாங்கள் பெற்றதில் பத்தில் ஒன்றைக் கொடுக்க வேண்டியிருந்தது. உபாகமம் 14-ஆம் அதிகாரம் (கத்தோலிக்கர் கையிலுள்ள திருவிவிலியத்தில் இது இணைச்சட்டம்) இன்னும் வியப்பானது: விளைச்சலின் பத்தில் ஒரு பங்கைக் கொண்டுபோய்க் கடவுளின் முன்னிலையில் குடும்பத்தோடு உண்டு மகிழச் சொல்கிறது, மூன்றாம் ஆண்டின் பங்கையோ ஊரிலேயே வைத்து, லேவியரும் அந்நியரும் அநாதைகளும் விதவைகளும் உண்டு நிறைவடையக் கொடுக்கச் சொல்கிறது. பத்தில் ஒன்று என்று பேசும் எவரும் இந்த மூன்றாம் ஆண்டையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று நான் எதிர்பார்க்கிறேன்.

தசமபாகப் பிரசங்கங்களில் அடிக்கடி எடுக்கப்படுவது மல்கியா 3-ஆம் அதிகாரத்தின் 8 முதல் 10 வரையுள்ள வசனங்கள். தசமபாகத்தை வஞ்சிப்பது கடவுளை வஞ்சிப்பதாகும் என்ற கடுமையான சொல் அங்கே வருகிறது. ஆனால் அதே அதிகாரத்தின் 5-ஆம் வசனம், கூலிக்காரரின் கூலியைப் பிடித்துக்கொள்வோருக்கும் விதவையையும் அநாதையையும் ஒடுக்குவோருக்கும் எதிராகக் கடவுளே சாட்சியாக வருவார் என்கிறது. படகு வைத்திருப்பவர்கள் இந்த வசனத்தை முதலில் வாசிக்க வேண்டும். கடலுக்கு வந்த ஆட்களுக்குச் சேர வேண்டிய பங்குப்பணத்தை அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று இழுத்துவிட்டு, தேர்ப்பவனிக்குப் பெருந்தொகை எழுதுவது கொடை ஆகாது. அது அடுத்தவர் பணம்.

இயேசுவும் தசமபாகத்தைக் கண்டிக்கவில்லை. மத்தேயு 23:23-இல், புதினாவுக்கும் சீரகத்துக்கும் கணக்குப் பார்த்துச் செலுத்திவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டவர்களைத்தான் கண்டிக்கிறார். மாற்கு 7-ஆம் அதிகாரத்தில், பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் ‘கொர்பான்’ என்று சொல்லிக் காணிக்கையாக்கி, அவர்களைக் கைவிடும் வழக்கத்தைச் சாடுகிறார். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் மாத்திரை வாங்காமல் காணிக்கை உறையை நிரப்புகிறவருக்கு இந்தப் பகுதியைக் காட்டிலும் தெளிவான பதில் வேறு இல்லை. பவுல் பத்தில் ஒன்று என்ற அளவைச் சொல்லவே இல்லை. வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்கு ஏற்ப ஒதுக்கி வையுங்கள் என்கிறார் (1 கொரிந்தியர் 16:2). வருத்தத்தோடோ கட்டாயத்தாலோ வேண்டாம், மனதில் நிச்சயித்தபடி கொடுங்கள் என்கிறார் (2 கொரிந்தியர் 9:7). நிச்சயித்தபடி என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். உண்டியல் முன்னால் நின்று சட்டைப்பையில் கிடைப்பதைப் போடுவதற்கும், வீட்டில் உட்கார்ந்து யோசித்து ஒதுக்கியதைப் போடுவதற்கும் உள்ள வேறுபாடு அதில் அடங்கியிருக்கிறது.

அடுத்து உங்கள் சபையின் விதி என்ன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கரையின் கத்தோலிக்கப் பங்குகள் 1987-இல் உருவான சிவகங்கை மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. கத்தோலிக்கருக்கான 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 222-ஆம் விதி, திருச்சபையின் தேவைகளுக்கு உதவுவது ஒவ்வொருவரின் கடமை என்கிறது. பத்தில் ஒன்று என்ற அளவை எங்கும் விதிக்கவில்லை. தென்னிந்தியத் திருச்சபையின் மதுரை - இராமநாதபுரம் திருமண்டலத்துச் சபைகளில் சந்தாவும் ஸ்தோத்திரக் காணிக்கையும் வழக்கம். பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் தசமபாகம் கண்டிப்பாகப் போதிக்கப்படுகிறது. போதகரின் குடும்பம் பெரும்பாலும் அதையே நம்பி வாழ்வதால் அங்கே அந்தப் பங்கின் பாரம் வேறு, அதை உணர்ந்து கொடுக்க வேண்டும்.

கோயிலுக்காக ஊர் விதிக்கும் வரியின் பாக்கி பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு ஊரில், கடலில் கணவனை இழந்த பெண் தன் மகளின் திருமணத்துக்கு ஓலை (கோயிலில் திருமண அறிவிப்பு) வாசிக்கச் சொல்லிப் போனபோது, மூன்று ஆண்டு வரி பாக்கியைக் கட்டிவிட்டு வா என்று ஊர்ப் பெரியவர்கள் திருப்பி அனுப்பியதை நேரில் பார்த்தேன். அன்று எனக்குத் திருச்சபைச் சட்டம் தெரியாது. தெரிந்திருந்தால் அங்கேயே எழுந்து பேசியிருப்பேன். ஏழைகள் தங்கள் வறுமை காரணமாகத் திருவருட்சாதனங்களின் (ஞானஸ்நானம், திருமணம் போன்ற அருள் சடங்குகளின்) உதவியை இழந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 848-ஆம் விதியும், அடக்கச் சடங்கை இழந்துவிடக் கூடாது என்று 1181-ஆம் விதியும் சொல்கின்றன. உங்களிடம் யாரேனும் அப்படிக் கேட்டால் பங்குத்தந்தையை நேரில் பார்த்து இந்த இரண்டு எண்களையும் பணிவோடு சொல்லுங்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். எதை வருமானம் என்று எடுத்துக்கொள்வது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். ஒரு நாட்டுப்படகின் ஒரு நாள் மீன் 12,000 ரூபாய்க்கு விற்றது என்று வைத்துக்கொள்வோம். டீசல், ஐஸ், சாப்பாடு, வியாபாரியின் கமிஷன் எல்லாம் சேர்ந்து 4,500 ரூபாய் போனால் மிஞ்சுவது 7,500. அதில் பாதி படகுக்கும் வலைக்கும் போக, மீதி 3,750 ரூபாயை ஐந்து பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 750 ரூபாய். கடலுக்குப் போனவரின் வருமானம் இந்த 750 ரூபாய் மட்டுமே. படகுக்காரர் தன் படகுப் பங்கான 3,750 ரூபாயை முழு வருமானமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்ஜின் பழுது, கிழிந்த வலை, கடன் தவணை ஆகியவற்றுக்கு ஒதுக்கியது போக நிற்பதே அவருடையது. தானும் கடலுக்குப் போனால் ஆள் பங்கை அதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். வழிமுறை ஊருக்கு ஊர், படகுக்குப் படகு மாறும். கைக்கு வந்து, தன் விருப்பப்படி செலவழிக்கக்கூடிய பணத்துக்கே பங்கு எடுக்க வேண்டும் என்ற அளவுகோல் எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

கடற்பாசி எடுக்கப் போகும் பெண்களின் வருமானத்தையும், கருவாடு விற்கும் பணத்தையும் மறந்துவிட்டு, ஆண்களின் கையில் வருவதை மட்டும் குடும்ப வருமானமாகக் கருதும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. மரிக்கொழுந்துப் பாசிக்காகக் கழுத்தளவு நீரில் மூழ்கி எழுந்து சம்பாதித்தவர், தன் பணத்திலிருந்து எவ்வளவு கொடுப்பது என்பதைத் தானே சொல்லட்டும்; அதை வேறு யாரும் முடிவு செய்ய வேண்டாம்.

பங்கின் அளவு எவ்வளவு என்றால், நான் எல்லோருக்கும் ஒரே விகிதத்தைச் சொல்ல மாட்டேன். மாதம் 9,000 ரூபாய் கிடைக்கும் வீட்டில் பத்தில் ஒன்றை எடுத்தால் அரிசி குறைகிறது. 90,000 ரூபாய் வரும் வீட்டில் எடுத்தால் எதுவும் குறைவதில்லை. ஆகவே ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், வளைகுடாவிலிருந்து பணம் வரும் குடும்பங்கள் ஆகியோர் பத்தில் ஒன்றைத் தொடக்க அளவாகக் கொள்ளலாம், மனமிருந்தால் மேலும் போகலாம். பங்குப்பணத்தில் வாழ்பவர்கள் வேறு வழியில் கணக்கிடுவது நல்லது. ஒரு நாள் வீட்டுச் செலவு எவ்வளவு என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். 500 ரூபாய் என்று வைத்தால், 750 ரூபாய் வந்த நாளில் உபரியாக நிற்கும் 250 ரூபாயில் பத்தில் ஒன்றான 25 ரூபாயை ஒரு டப்பாவில் போடுங்கள். 400 ரூபாய் வந்த நாளிலும், காற்றடித்துக் கரையில் நின்ற நாளிலும் ஒன்றும் போட வேண்டாம், அதற்காக மனம் நோகவும் வேண்டாம். 4,000 ரூபாய் கிடைத்த நாளில் மட்டும் கை கூசாமல் 350 ரூபாயை எடுத்து வையுங்கள். நல்ல பாடு கிடைத்த நாளில்தான் கொடுக்கும் மனம் சுருங்குகிறது என்பது நான் பலரிடம் கண்டது.

மீட்டர் வட்டிக்குக் கடன் வாங்கியிருப்பவர்கள் அந்தக் கடன் தீரும்வரை வாரம் பத்து ரூபாய் போதும் என்று வைத்துக்கொள்ளலாம். வட்டியில் மூழ்கிக்கொண்டே காணிக்கையைக் கூட்டினால் அந்தக் காணிக்கையை உண்மையில் கொடுப்பது உங்கள் பிள்ளைகள். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரியாக ஊர் தீர்மானிக்கும் தொகையையும் இந்த டப்பாவிலிருந்தே கட்டுங்கள். அதற்கென்று தனியாகக் கடன் வாங்குவதை அடியோடு நிறுத்த வேண்டும். பூசைக் கருத்துக்கு (ஒரு வேண்டுதலுக்காகப் பூசை வைக்க) கொடுக்கும் காணிக்கையும் அவ்வாறே. கொடுக்க இயலாதவர்கள் அதைச் சொல்லிக் கேட்கலாம். காணிக்கை இல்லாவிட்டாலும் எளியவர்களின் கருத்துக்காகத் திருப்பலி நிறைவேற்றுமாறு 945-ஆம் விதி குருக்களுக்குப் பரிந்துரைக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாட்களுக்கு அரசு தரும் நிவாரணப் பணத்தில் பங்கு எடுக்க வேண்டாம். அது சம்பாத்தியம் அன்று. மாறாக, மற்ற பத்து மாதங்களில் டப்பாவில் சேர்வதில் மூன்றில் ஒன்றைத் தனியே வைத்து, தடைக்காலத்தில் தெருவில் அடுப்பெரியாத வீட்டுக்குக் கொடுக்கலாம். உபாகமத்தின் மூன்றாம் ஆண்டுப் பங்கு நம் கரையில் இப்படித்தான் உருவெடுக்க முடியும் என்று நான் நம்புகிறேன். இலங்கைக் கடற்படையிடம் படகோடு பிடிபட்டவரின் குடும்பம் அந்த நாளிலிருந்தே கொடுப்போர் பட்டியலை விட்டுப் பெறுவோர் பட்டியலுக்கு வந்துவிடுகிறது. அவர்கள் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. அவர்களுக்கு நேரடியாகக் கொடுப்பதும் கோயிலுக்குக் கொடுத்ததாகவே கணக்கில் எழுதலாமா என்று சிலர் கேட்பார்கள். எழுதலாம் என்பேன். ஆனால் முழுவதையும் அப்படியே செய்துவிட்டால், கோயில் உபதேசியாரின் சம்பளமும் மின்கட்டணமும் கூரைப் பழுதும் யார் தலையில் விழும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

என் தாயார் பணமாக எதுவும் கொடுத்ததில்லை. உலையில் போட அரிசியைக் களையும் முன் ஒரு கைப்பிடியை எடுத்து மூலையிலிருந்த பானையில் போடுவார். மாதக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும், சில மாதங்களில் அண்டை வீட்டுக்குப் போகும். அந்தக் கைப்பிடி அரிசிக் காணிக்கையில் மூன்று நன்மைகள் இருந்தன: சமைக்கும் நாளில் மட்டுமே எடுக்கப்பட்டது, குடும்பத்தின் அளவுக்கு ஏற்றபடி இருந்தது, எவ்வளவு என்பது வேறு யாருக்கும் தெரியாமல் இருந்தது. டப்பா முறையை நான் அதிலிருந்துதான் கற்றேன்.

கொடுத்த பிறகும் உங்கள் கடமை முடிவதில்லை. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்பது 537-ஆம் விதி. இறைமக்கள் கொடுத்த காணிக்கைக்கு அவர்களிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்பது 1287-ஆம் விதி. ஒரு நோக்கத்துக்கென்று கொடுத்ததை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும் என்பது 1267-ஆம் விதி. கணக்குக் கேட்பது அவமரியாதை என்று நினைக்க வேண்டாம். கணக்கு எழுதிய அனுபவத்தில் சொல்கிறேன்: ஆண்டுக்கணக்கைக் கோயில் சுவரில் ஒட்டத் தொடங்கியபின் எங்கள் பங்கில் கேள்விகள் குறைந்தன, காணிக்கை குறையவில்லை. பெரிய தொகை கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். கட்டடத்துக்கா ஏழைகளுக்கா என்பதைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். கணக்கே காட்ட மறுக்கும் இடத்தில் உங்கள் பங்கை நிறுத்திவிடாமல், அதை வின்சென்ட் தே பவுல் சபை போன்ற ஏழைகளுக்கு உதவும் அமைப்பின் வழியாகக் கொடுத்துவிட்டு, ஏன் அப்படிச் செய்தீர்கள் என்பதைப் பங்குப்பேரவையில் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

இவற்றையெல்லாம் முடிவு செய்ய ஏற்ற நாள் தடைக்காலத்தின் முதல் ஞாயிறு. விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், கடந்த பத்து மாத வரவு நினைவில் இருக்கும். டப்பாவைக் கவிழ்த்து எண்ணி, ஒரு நோட்டில் இந்த ஆண்டு சேர்ந்த தொகை, கோயிலுக்குக் கொடுத்தது, அயலாருக்குக் கொடுத்தது, மீதி ஆகிய நான்கையும் எழுதுங்கள். ஒரு நாள் வீட்டுச் செலவு எவ்வளவு என்ற எண்ணை அரிசி விலையைப் பார்த்து மாற்றி அமைத்து, சம்பாதிக்கும் ஒவ்வொருவரும் வரும் ஆண்டுக்குத் தங்கள் பங்கு என்ன என்பதைத் தங்கள் கையாலேயே அதன் கீழே எழுதட்டும்.