பழைய காரின் ஈசியூ வயரிங்: பெட்டியைக் குற்றம் சொல்ல முதல்

எஞ்சின் தடுமாறினால் உடனே "கொம்பியூட்டர் பெட்டி போயிட்டு" என்று, எஞ்சினை நடத்தும் ஈசியூவின் (ECU) மேல் பழி போட்டு முடிவு கட்டிவிடுகிறோம். தொண்ணூறுகளில் வந்த ஜப்பான் கார்களில் பெட்டிக்கு முதல் சந்தேகப்பட வேண்டியது வயரையும், கரண்ட் பற்றரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழியான ஏர்த்தையும்தான். அதுவும் மட்டக்களப்பில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, மாரி வந்தால் வெள்ளம், செம்பு எத்தனை வருசம் தாங்கும்?

என்னுடைய கொரோலா ஒரு மாரி முடிந்த கையோடு, ஹெட்லைட் போட்டாலே ஐடில் (அக்சிலரேற்றரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) இறங்கி நின்றுபோகத் தொடங்கியது. பாவித்த பெட்டி ஒன்று வாங்கி மாற்றினேன், அதே நோய். கடைசியில் எஞ்சினுக்குக் காற்றுப் போகும் இன்டேக் மெனிபோல்டில் ஈசியூவின் ஏர்த் வயர்களை இறுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றினால், வளையத்துக்குக் கீழே பச்சைக் களிம்பு. ஒரு வயர் தோலுக்குள்ளே மூன்று நான்கு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறோம். மல்டிமீற்றரில் வயர் தொடர்பைப் பார்க்கும் பீப் சத்தம் கேட்டதும் ஏர்த் நல்லது என்று விட்டுவிடுகிறோம், ஆனால் ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் பீப் கேட்கும், கரண்ட் கூடுதலாக ஓடும்போதுதான் அது தாங்காது. எஞ்சினை ஓடவிட்டு, லைட், ஃபேன் எல்லாம் போட்டு, மீற்றரை டீசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பற்றரியின் நெகட்டிவிலும் சிவப்பு முனையைப் பெட்டியின் ஏர்த் பின்னிலும் பிடியுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையில் எங்கோ தடை இருக்கிறது. அதற்காக வயரின் தோலில் ஊசி குத்த வேண்டாம், அந்த ஓட்டையாலேயே உப்பு ஈரம் இறங்கி அடுத்த வருசம் அங்கேயும் களிம்பு பிடிக்கும். கனெக்டரின் பின்பக்கத்தால் மெல்லிய குண்டூசியை நுழைத்தால் போதும்.

கறுப்பு என்றால் ஏர்த் என்று நினைப்பது இன்னொன்று. டொயோட்டாவில் ஏர்த் பெரும்பாலும் மண்ணிறம், அல்லது வெள்ளையில் கறுப்புக் கோடு; கறுப்பில் சிவப்புக் கோடு போட்டது அநேகமாக இக்னிஷன் பொசிட்டிவ். அதேபோல் சென்சர்களின் ஏர்த்தான ஈ2 வயர் பெட்டிக்குத்தான் போக வேண்டும், "ஏர்த்தானே" என்று காரின் பொடியில் (இரும்பு உடம்பில்) இறுக்கினால் சென்சர் சொல்லும் அளவெல்லாம் பிசகும்.

பல்பு வைத்த டெஸ்ட் லாம்பை ஈசியூ வயரில் வைக்கவே வேண்டாம். அது இழுக்கும் கரண்ட் பெட்டிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடலாம், டிஜிட்டல் மீற்றர் மட்டும் போதும்.

சரி, எங்கே தொடங்குவது? அந்தக் காலக் கொரோலாவில் எஞ்சின் அறையில் உள்ள சிறிய டயக்னொஸ்டிக் கனெக்டர் பெட்டியில் டீஈ1 (TE1), ஈ1 (E1) என்ற இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை ஓனில் வையுங்கள், செக் எஞ்சின் லைட் மின்னி மின்னிப் பழுதின் கோட் நம்பரைச் சொல்லும். 22 வந்தால் பழுது தண்ணீர்ச் சூட்டு சென்சரிலோ அதன் வயரிலோ. உடனே சென்சர் வாங்க ஓடாமல் அதன் பிளக்கைக் கழற்றி, சென்சரின் இரண்டு பின்னுக்கும் இடையே ஓம் பாருங்கள்: 20 பாகையில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 பாகையில் 200 முதல் 400 ஓம். நம்ம ஊரில் காலையிலேயே எஞ்சின் 30 பாகையில் இருப்பதால் 2 கிலோ ஓமுக்குச் சற்றுக் கீழே காட்டும், அது பழுதில்லை. அளவு சரியென்றால் வயரைத் தேடுங்கள்.

சாவி ஓனில் இருக்கும்போது ஈசியூ கனெக்டரைக் கழற்றாதீர்கள். கறள் பிடித்த ஃப்ளோருக்கு வெல்டிங் வைக்கக் கொடுத்தால், பற்றரி நெகட்டிவையும் ஈசியூ கனெக்டரையும் முதலே கழற்றிவையுங்கள், வெல்டிங் பாஸ் "தேவையில்லை" என்றாலும்.