குடும்பத்தோட ஒரே நாள்ல விட்பி பாத்துட்டு வர்றது எப்படி

விட்பி இங்கிலாந்துல யார்க்‌ஷயர்ல இருக்கற கடற்கரை ஊர். அங்க கிளம்புறதுக்கு முந்தின ராத்திரியே டைட் டேபிள் பாத்து வெச்சிருங்க, கடல் எப்ப ஏறும் எப்ப இறங்கும்னு தெரிஞ்சாதான் அன்னைக்கு எதை முதல்ல பாக்கறது எதை அப்புறம் பாக்கறதுன்னே முடிவு பண்ண முடியும்.

கார்ல போறீங்கன்னா ஊருக்குள்ள ஓட்டிட்டுப் போகாதீங்க, தெருவெல்லாம் குறுகல், லீவு நாள்ல பார்க்கிங் கிடைக்காது. சீசன்ல ஊருக்கு வெளியில பார்க் அண்ட் ரைடு ஓடும், காரை அங்க விட்டுட்டு அவங்க பஸ்லயே ஊருக்குள்ள போயிருங்க. மிடில்ஸ்பரோல இருந்து ட்ரெயினும் இருக்கு, எஸ்க் ஆத்தை ஒட்டியே வரும், ரொம்ப அழகா இருக்கும், ஆனா ஒரு நாளைக்கு சில ட்ரெயின்தான், ஒண்ணை விட்டா மணிக்கணக்கா காத்திருக்கணும்.

காலையிலயே ஆத்துக்குக் கிழக்குப் பக்கம் போயிருங்க. மேல சர்ச்சுக்கும் அபேங்கற பழைய மடத்துக்கும் ஏற 199 படி இருக்கு, குழந்தைங்க எண்ணிட்டே ஏறிடுவாங்க. நடுநடுவுல பெஞ்சு மாதிரி பலகை போட்டிருப்பாங்க பாருங்க, அந்தக் காலத்துல சவப்பெட்டி தூக்கிட்டு மேல சர்ச்சுக்குப் போறவங்க இறக்கி வெச்சு மூச்சு வாங்கறதுக்கு, நம்ம ஊர் சுமைதாங்கிக்கல்லு மாதிரின்னு வெச்சுக்கோங்க. முட்டிவலி இருக்கற பெரியவங்க, புஷ்சேர் குழந்தை இருந்தா படி வேண்டாம், அபேக்குப் பக்கத்துலயே மேல கார் பார்க் இருக்கு, அவங்களை மட்டும் அங்க இறக்கி விடுங்க.

மேல செயின்ட் மேரி சர்ச்சை நிறைய பேர் பாக்காம தாண்டிப் போயிடுறாங்க, தயவுசெஞ்சு உள்ள போங்க. உக்கார்ற இடமெல்லாம் மரப்பெட்டி மாதிரி கதவு வெச்சு அடைச்சிருக்கும், சிலதுல 'வெளியூர்காரங்களுக்கு மட்டும்'னு இங்கிலீஷ்ல எழுதியே இருக்கும். எனக்கு அந்த ஊர்லயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். அதுக்கப்புறம் அபே. 657ல ஹில்டாங்கற அம்மா ஆரம்பிச்ச மடம் அது, ஆம்பளைங்க பொம்பளைங்க ரெண்டு பேருக்கும் அவங்கதான் தலைவி, இங்கிலாந்துல ஈஸ்டரை எந்தக் கணக்குல கொண்டாடறதுன்னு ராஜா முன்னாடி பேசி முடிவு பண்ணதும் இங்கதான், 664ல. இப்ப நிக்கற இடிஞ்ச சுவரெல்லாம் அதுக்கு ரொம்பப் பின்னாடி கட்டினது. டிக்கெட் ஆன்லைன்ல முன்னாடியே எடுத்தா கம்மி. காத்து பயங்கரமா அடிக்கும், ஜூலைலயும் ஜாக்கெட் வேணும்.

கீழ கிரேப் லேன்ல கேப்டன் குக் மியூசியம் இருக்கு. கடல் பயணம் போய்ப் பேர் வாங்கின குக், 1746ல பையனா வந்து ஒரு முதலாளிகிட்ட வேலை கத்துக்கிட்டார், அந்த முதலாளி வீடுதான் அது, அவர் உலகத்தைச் சுத்தின எண்டெவர் கப்பலும் இதே ஊர்ல நிலக்கரி ஏத்தறதுக்காகக் கட்டினது. அடுத்தது ஸ்விங் பிரிட்ஜ், போட் வந்தா பாலமே ரெண்டா பிரிஞ்சு பக்கவாட்டுல திரும்பும், பசங்க அசைய மாட்டாங்க.

சாப்பாட்டு விஷயத்துல ஒண்ணு கவனிங்க. யார்க்‌ஷயர்ல நிறைய கடையில மீனையும் சிப்ஸையும் மாட்டுக்கொழுப்புலதான் பொரிப்பாங்க, வெஜிடேரியன்காரங்க வெறும் சிப்ஸ்தானேன்னு வாங்கிடாதீங்க, எண்ணெய் என்னன்னு கேட்டுட்டு வாங்குங்க, வெஜிடபிள் ஆயில்ல போடற கடையும் இருக்கு. மீன் சாப்பிடறவங்க ஹேடக் கேளுங்க. கடல்காக்கா கையில இருந்தே பிடுங்கிட்டுப் போயிடும், செவுத்துப் பக்கம் முதுகை வெச்சு உக்காருங்க.

கடல் இறங்கற நேரம் வந்தா பீச்சுக்குப் போங்க. கூழாங்கல்லுக்கு நடுவுல சுருள் சுருளா அம்மோனைட் ஃபாசில், அதாவது கல்லாப் போன ஆதிகாலக் கடல் உயிரி, கிடைக்கும், ஹில்டா பாம்பையெல்லாம் கல்லா மாத்தினாங்கன்னு ஊர்க்கதை, குழந்தைங்களுக்கு அதைச் சொல்லிட்டு தேட விடுங்க. கீழ கிடக்கறதை மட்டும் எடுங்க, பாறையை நோண்ட வேண்டாம், மலைச்சரிவு இடிஞ்சு விழும். தண்ணி ஏறும்போது கிழக்குக் கரையில திரும்பி வர வழியே அடைஞ்சு போயிடும், அதனால சின்னப் பசங்க இருந்தா மேற்குப் பக்க மணல் பீச்சே போதும், அங்க ஆபத்து கம்மி.

பார்க் அண்ட் ரைடுல வந்திருந்தா, காலையில இறங்கும்போதே லாஸ்ட் பஸ் எத்தனை மணிக்குன்னு டிரைவர்கிட்ட கேட்டு வெச்சுக்கோங்க.