போர்டிங் அறைக்குக் கிரில் வாங்குமுன் சுவர் சொக்கெட்டைப் பாருங்கள்

இறைச்சி வாட்டும் கிரில் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது விலையைத்தான். மலையகத்துப் போர்டிங் அறைகளுக்கு அந்தக் கேள்வி இரண்டாவதாக வர வேண்டும். பேராதனை, பதுளை, ஹட்டன் பக்கம் மாணவர்களுக்கு விடும் அறைகளில் பல, பழைய வீட்டுக்குப் பின்னால் ஒட்டிக் கட்டியவை. ஒரு சொக்கெட், ஒரு சின்ன ஜன்னல், பக்கத்து அறையோடு சேர்ந்த வயரிங். மலிவு என்று 2000 வொட் கிரிலைத் தூக்கி வந்துவிட்டு, அதைச் செருக இடமில்லாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைப்பதில் என்ன இலாபம்?

வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள். கரண்ட் பில் பற்றிப் பயப்பட்டால் கணக்கைக் காட்டுங்கள்: 900 வொட் கிரில் அரை மணி நேரம் ஓடினால் அரை யூனிட்டுக்கும் குறைவு.

1. சொக்கெட்டைப் படியுங்கள்

சின்ன உருண்டை முனை மூன்று போகும் சொக்கெட் 5 அம்பியர். பெரிய உருண்டை முனைக்கானது 15 அம்பியர். சதுர முனைக்கானது 13 அம்பியர். நம் மின்சாரம் 230 வோல்ட், ஆகவே 5 அம்பியர் சொக்கெட்டின் உச்சம் 1150 வொட். கிரில் நிறுத்தாமல் இழுக்கும் சாமான். பழைய வயருக்கு உச்சம் வரை வேலை கொடுக்கக் கூடாது. 900 வொட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 13 அம்பியர் இருந்தால் 2000 வொட் வரை போகலாம். ஆனால் அதே லைனில் பக்கத்து அறைக்காரர் 1500 வொட் கேத்தலைப் போட்டால் பிரேக்கர் விழலாம். சமைக்கும் நேரத்தை அவரிடமும் சொல்லி வையுங்கள்.

பலர் சறுக்குவது எடப்டரில்தான். சதுர முனைப் பிளக்கை 5 அம்பியர் சொக்கெட்டில் நுழைக்கும் எடப்டர் எந்த டவுன் கடையிலும் கிடைக்கும். பிளக் நுழைந்துவிடும், சுவருக்குள் இருக்கும் வயர் தடிக்காது. 2000 வொட் கிரில் 8.7 அம்பியர் இழுக்கும். முதல் சில நிமிடம் ஒன்றும் தெரியாது. பிறகு சொக்கெட்டின் முகப்பு கைவைக்க முடியாதபடி சுடும், வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறும், மீன் வாடை போல ஒரு வாடை வரும். கிரிலில் மீனே வெந்துகொண்டிருந்தால் அந்த வாடையை யாரும் கவனிக்கமாட்டார்கள். முதல் தடவை சமைக்கும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முகப்பைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. விரல் பின்வாங்கினால் உடனே நிறுத்துங்கள்.

மல்டி பிளக் வேண்டவே வேண்டாம். எக்ஸ்டென்ஷன் இல்லாமல் முடியாதென்றால் 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் உள்ளதை வாங்கி, சுருளை முழுதாகப் பிரித்துப் போடுங்கள். சுருட்டியபடியே ஓடினால் உள்ளே சூடு தங்கி உறை உருகும். இரண்டு முனை எடப்டரில் எர்த் போகாது. இரும்பு உடம்புள்ள கிரிலுக்கு அதைப் போடவே கூடாது.

2. எந்த வகை?

5 அம்பியர் அறைக்கு என் தெரிவு ஒன்றே ஒன்றுதான்: 750 முதல் 900 வொட் வரையான, மூடி அழுத்தும் கிரில். சாண்ட்விச் மேக்கர் போலவே இருக்கும், தட்டு மட்டும் வரிவரியாக இருக்கும். மேலும் கீழும் சேர்ந்து சூடாவதால் குறைந்த வொட்டிலும் இறைச்சி வேகும். திறந்த கம்பிக்கு மேல் வலை வைத்த மின்சார பார்பிகியூவில் பாதிச் சூடு காற்றோடு போய்விடும்; நுவரெலியாக் குளிரில் இன்னும் மோசம்.

வீட்டில் காஸ் அடுப்பைப் பாவிக்க விடுகிறார்கள் என்றால் மின்சாரமே தேவையில்லை. வரி விழுந்த வார்ப்பிரும்புக் கல் ஒன்று போதும். எல்லாவற்றிலும் மலிவு, பழுதாக ஒன்றுமில்லை. புகை வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். எண்ணெயைக் கல்லில் ஊற்றாமல் இறைச்சியில் பூசினால் புகை குறையும்.

சின்ன காஸ் டின் செருகும் மேசை அடுப்பு வெளியே பாவிக்க நல்லது. குளிர் கூடினால் டின்னுக்குள் அழுத்தம் குறைந்து சுவாலை சோர்ந்துவிடும். அதற்காக டின்னைச் சூடாக்கப் போகாதீர்கள். டின் இருக்கும் பக்கத்தை மூடும் அளவு பெரிய கல்லையும் வைக்கக் கூடாது. சூடு கீழே திரும்பி டின் வெடிக்கலாம்.

3. கரி என்றால் வெளியே மட்டும்

சிரட்டைக் கரி நன்றாக அனல் தரும், புகையும் குறைவு. ஆபத்து அந்த இடத்தில்தான். கண்ணை எரிக்கும் புகை வந்தால் நாமே எழுந்து ஓடுவோம். சிவந்து கிடக்கும் கங்கிலிருந்து வருவது காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு. நிறமில்லை, மணமில்லை. தலைவலி, தூக்கம், பிறகு எழும்ப முடியாது. சமைத்து முடித்த கங்கைக் குளிருக்காக அறைக்குள் கொண்டு வைத்து உறங்கியவர்கள் அப்படியே இறந்திருக்கிறார்கள். ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். தயவுசெய்து இந்த ஒன்றை அறையில் இருக்கும் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

முற்றம் இருந்தால் சின்ன வாளி வகைக் கரி அடுப்பு போதும். வலையை மட்டும் பார்த்து வாங்குங்கள். வேலிக்கு அடிக்கும் நாகம் (சிங்க்) பூசிய கம்பி வலையை வெட்டிப் போட்டால் சூட்டில் நாகத்தின் புகை வரும், அது உடம்புக்குக் கெடுதி. எவர்சில்வர் வலைதான் சரி. கரியை மூடியுள்ள வாளியில் வையுங்கள். மழைக்காலத்தில் பையோடு விட்டால் ஈரம் ஏறி, பற்றவைத்ததும் வெடித்துத் தெறிக்கும். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் வேண்டாம். கடதாசி, மேலே சுள்ளி, அதற்கு மேல் கரி. மேற்புறம் சாம்பல் பூத்த பிறகுதான் இறைச்சி வைக்க வேண்டும். மிஞ்சும் சாம்பல் மறுநாளும் சுடும். மூடி போட்ட தகர டின்னில் போட்டு சீமெந்துத் தரையில் வையுங்கள்.

4. கடையில் பார்க்க வேண்டியது

பெட்டியில் அச்சடித்த வொட்டை நம்பாமல் கிரிலின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். பிளக்கில் எர்த் முனை உண்மையான உலோகமா பாருங்கள். மூடியின் கீல் தடித்த துண்டுக்கு ஏற்ப மேலே எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் ஒரு பக்கம் கருகி மறுபக்கம் பச்சையாக இருக்கும். கொழுப்பு வடியும் தட்டு தனியே கழல வேண்டும். நிறம், பளபளப்பு, கூட வரும் இடுக்கி எதற்கும் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

5. முதல் சமையல்

வெறும் கிரிலைப் பத்து நிமிடம் ஜன்னலோரம் ஓடவிட்டு அந்தப் புது வாடையைப் போக்குங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் எட்டு நிமிடம் முன்சூடு. எலும்பில்லாத கோழித் தொடையை ஒன்றரை சென்டிமீற்றர் தடிப்புக்குத் தட்டி, மசாலாவில் ஊறியதும் ஈரத்தைத் துடைத்து வையுங்கள். ஈரத்தோடு வைத்தால் அவியும், வரி விழாது. 8 முதல் 10 நிமிடம் ஆனதும் தடித்த இடத்தில் வெட்டிப் பாருங்கள். உள்ளே சிவப்பு இருக்கக் கூடாது. சீனியோ தேனோ சேர்ப்பதானால் கடைசி இரண்டு நிமிடத்தில்.

பிறகு சேர்த்தது: போட்டதும் ட்ரிப் ஆகிறதா?

இரண்டு மாத லீவு முடிந்து வந்து கிரிலைப் போட்டதும் ட்ரிப் சுவிட்ச் விழுவது மலையகத்தில் அடிக்கடி நடக்கும். கிரில் பழுது என்று எறிந்துவிடாதீர்கள். சூடாக்கும் குழாய்க்குள் நிரப்பியிருக்கும் வெள்ளைத் தூள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் கரண்ட் கொஞ்சம் எர்த்துக்குக் கசியும், சுவிட்ச் விழும். பிளக்கைக் கழற்றி, மூடியைத் திறந்து, நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் காய வையுங்கள். அதன் பிறகும் விழுந்தால் திருத்துபவரிடம் கொடுங்கள். எர்த் வயரைக் கழற்றிவிட்டால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சுவிட்ச் விழாது, கசிவு உங்கள் கைக்கு வரும்.

பொலித்தீன் பையில் கட்டி வைப்பது ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். துணி போர்த்தி அலுமாரிக்கு மேல் வையுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை பத்து நிமிடம் வெறுமனே ஓடவிட்டால் ஈரம் தங்காது.