பழைய காமிக்ஸுக்குத் தரம் போடுவது எப்படி: முதலில் குறைகள், கடைசியில் எண்

பழைய காமிக்ஸ் விற்பவர் யாரைக் கேட்டாலும் "சூப்பர் கண்டிஷன்" என்றுதான் சொல்வார். போட்டோவில் அட்டையும் பளபளவென்றுதான் தெரியும். பணம் அனுப்பி, புத்தகம் கைக்கு வந்த பிறகு புரட்டினால் நடுப்பக்கத்தைக் காணோம். புதிதாகச் சேகரிக்க வருபவர்கள் இதில் அடிபடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். ஏனென்றால், தரம் பார்ப்பது நிதானமாக உட்கார்ந்தால் யாருக்கும் வந்துவிடும் வேலை. ஒரே ஒரு ஒழுங்கு மட்டும் வேண்டும்: எண்ணைப் பற்றி முதலில் யோசிக்கக் கூடாது. குறைகளைத் தேடி எழுதி முடித்த பிறகுதான் எண்.

அது என்ன எண்? அமெரிக்காவில் ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் 1970இல் பழைய காமிக்ஸுக்கான விலைக் கையேட்டை வெளியிடத் தொடங்கினார். பிரதிகளின் நிலையைச் சொல்ல அங்கே புழங்கிய பெயர்கள் பிற்பாடு 10 புள்ளி அளவுகோலாக உருவெடுத்தன. 2000இல் தொடங்கிய சி.ஜி.சி. நிறுவனம், இதழைப் பரிசோதித்து எண் கொடுத்து பிளாஸ்டிக் உறைக்குள் சீல் வைத்துத் தருகிறது. 0.5இல் ஆரம்பித்து 10.0 வரை போகும் அந்த அளவுகோலைத்தான் இன்று உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு இதழை எடுத்துக்கொள்வோம்: மார்வெலின் 'தி இன்க்ரெடிபிள் ஹல்க்' 181. 1974 நவம்பர் தேதியிட்டது, அட்டை விலை 25 சென்ட். வுல்வரின் என்ற சூப்பர்ஹீரோ முழுமையாகத் தோன்றிய முதல் இதழ் என்பதால் இதற்கு இன்றும் பெரிய கிராக்கி.

உட்காரும் முன்

நல்ல வெளிச்சம் உள்ள மேஜை, அதன் மேல் ஒரு வெள்ளைத் துணி, பூதக்கண்ணாடி, ஸ்கேல், நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், பழைய காகிதத்துக்குப் பக்கத்தில் மை இருப்பதே ஆபத்து. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொண்டால் போதும். கையுறை போட்டால் காகிதத்தின் மென்மை விரலுக்குத் தெரியாது, ஓரம் கிழியத்தான் வாய்ப்பு அதிகம். மேஜை விளக்கு ஒன்று இருந்தால் இன்னும் நல்லது, அதன் உபயோகத்தைப் பின்னால் சொல்கிறேன்.

படி 1: இது அந்த இதழ்தானா?

மறுபதிப்பை மூலப்பதிப்பு என்று நினைத்துத் தரம் போட்டால் மொத்த உழைப்பும் வீண். ஹல்க் 181ஐ மார்வெலே பழைய விளம்பரங்கள் உட்பட அப்படியே திரும்ப அச்சிட்டிருக்கிறது, ஆனால் அட்டையில் இன்றைய விலை இருக்கும். தமிழிலும் இதே கதைதான். 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸின் பல கதைகள் பிற்காலத்தில் மறுபதிப்பாக வந்துள்ளன. கதையின் பெயர் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. அட்டை விலை, இதழ் எண், பதிப்பு விவரம் மூன்றையும் பாருங்கள்.

படி 2: முழுசாக இருக்கிறதா?

ரொம்பப் பேர் அட்டையில்தான் ஆரம்பிப்பார்கள். தயவுசெய்து பக்கங்களில் ஆரம்பியுங்கள். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டி எண்ணுங்கள். நடுவில் பின் அடித்த புத்தகத்தில் முதலில் கழன்று காணாமல் போவது நடுத்தாள்தான். அது போனால் நான்கு பக்கங்கள் போச்சு. கதை திடீரென்று தாவினால் சந்தேகப்படுங்கள்.

ஹல்க் 181இல் இன்னொரு பொறி இருக்கிறது. 1974இல் மார்வெல் தன் இதழ்களின் வாசகர் கடிதப் பக்கத்தில் 'மார்வெல் வேல்யூ ஸ்டாம்ப்' என்று சின்னச் சின்னப் படங்களை அச்சிட்டது. வெட்டி எடுத்து அதற்கென்று இருந்த புத்தகத்தில் ஒட்டிச் சேர்க்க வேண்டும். பிள்ளைகளும் சொன்னபடி கத்தரிக்கோலை எடுத்துவிட்டார்கள். அட்டையை மட்டும் பார்த்தால் 8.0 என்று சொல்லத் தோன்றும் பிரதி, அந்தச் சின்னச் சதுரம் இல்லாததால் 1.0க்கோ அதற்கும் கீழேயோ இறங்கிவிடும். சில நேரம் சி.ஜி.சி. இப்படிப்பட்ட பிரதிக்கு, குறையை வெளிப்படையாக எழுதிப் பச்சை லேபிள் கொடுப்பதும் உண்டு. ஆகவே இந்த இதழை ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால், அட்டைப் படத்துக்கு முன்னால் அந்தக் கடிதப் பக்கத்தின் படத்தைக் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

நம்மூர் இதழ்களிலும் போட்டிக் கூப்பன், சந்தாப் படிவம் என்று வெட்டப்பட்ட இடங்களைத் தேட வேண்டும்.

படி 3: முதுகு

இதழை மூடி மேஜையில் வையுங்கள். விளக்கைப் பக்கவாட்டில், தாழ்வாகப் பிடித்து வெளிச்சம் அட்டை மேல் சாய்வாக விழும்படி செய்யுங்கள். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் தெரியாத அத்தனை மடிப்பும் இப்போது நிழலோடு எழுந்து நிற்கும்.

முதுகில், அதாவது பின் அடித்த மடிப்பு ஓரத்தில், குறுக்காகச் சின்னச் சின்னக் கோடுகள் தெரிகின்றனவா? புத்தகத்தைத் திறந்து மூடும்போது பின்னைச் சுற்றி விழும் கோடுகள் இவை. சேகரிப்பவர்கள் 'ஸ்பைன் டிக்' என்பார்கள். இதில் இரண்டு வகை. கோடு விழுந்தும் அட்டையின் நிறம் அப்படியே இருந்தால் அது லேசான குறை. மை உதிர்ந்து உள்ளே இருக்கும் வெள்ளைக் காகிதம் எட்டிப் பார்த்தால், அதாவது நிறம் உடைந்திருந்தால், குறை பெரியது. கருமையான அட்டைகளில் இது பளிச்சென்று தெரியும். பூதக்கண்ணாடியை வைத்து எண்ணி, "நிறம் உடைந்த கோடு 4, உடையாதது 3" என்று எழுதுங்கள். 9.4 போன்ற உயர்ந்த தரத்தில் மிகச் சிறிய கோடுகள் ஒன்றிரண்டுதான் செல்லும். நாலைந்து கோடு நிறம் உடைந்து நின்றால் 9களை மறந்துவிடலாம்.

அப்புறம் இதழைக் கண் மட்டத்துக்குத் தூக்கி மேல் விளிம்பைப் பாருங்கள். முதுகு நேராக இருக்க வேண்டும். அட்டையை முழுக்கப் பின்னால் மடித்துப் பிடித்துப் படித்த பிரதிகளில் முதுகு ஒரு பக்கமாக உருண்டிருக்கும்.

படி 4: மூலை, விளிம்பு, பின்

நாலு மூலையும் கூராக இருக்கிறதா, மழுங்கியிருக்கிறதா, மடிந்திருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னட்டையையும் விடாதீர்கள். 1960களின் தொடக்கத்தில் வந்த மார்வெல் இதழ்களில் வலது விளிம்பு கொறித்தது போல உதிர்ந்திருப்பது சகஜம். அச்சகத்தில் காகிதம் வெட்டும்போதே ஏற்பட்ட கோளாறு அது. படித்தவர் தலையில் அந்தப் பழி இல்லை, ஆனாலும் தரம் குறையும்.

பின்னில் துரு இருக்கிறதா? துரு காகிதத்துக்குள் ஊறிப் பழுப்பு வட்டம் போட்டிருக்கிறதா? அட்டை இரண்டு பின்னிலும் பிடிப்போடு இருக்கிறதா? கடற்கரை ஊர்களில் இருந்த பிரதிகளில் துருவை முதலில் தேடுங்கள்.

படி 5: காகிதம்

நியூஸ்பிரிண்ட் காகிதத்தில் மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற பொருள் அப்படியே தங்கியிருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுப்பாகும், கூடவே காகிதத்தில் அமிலமும் ஏறும். வெள்ளை, வெள்ளைக்குச் சற்றுக் கீழே, கிரீம், பழுப்பு, கடைசியில் தொட்டால் நொறுங்கும் நிலை என்று படிப்படியாக இறங்கும். பக்கத்தின் நடுவை மட்டும் பார்க்காமல் ஓரத்தையும் பாருங்கள். பழுப்பு விளிம்பில்தான் தொடங்கும்.

2014இல் 32 லட்சம் டாலருக்கு விற்ற 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் 1938இல் வந்தது, சூப்பர்மேன் அறிமுகமான இதழ். தரம் 9.0. அதைவிட எனக்கு ஆச்சரியம், சிடார் மரப்பெட்டியில் பல காலம் கிடந்ததால் அதன் பக்கங்கள் வெள்ளையாகவே இருந்ததுதான்.

நம் பக்கம் காகிதத்துக்கு எதிரிகள் அதிகம். இராமபாணப் பூச்சி போட்ட துளை, செல்லரித்த ஓரம், மழை ஈரத்தில் வந்த அலை மடிப்பு, பூஞ்சைப் புள்ளி எல்லாவற்றையும் எழுதுங்கள். மோந்தும் பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் அந்த இதழை மற்றவற்றோடு சேர்த்து வைக்கவே கூடாது.

படி 6: யாராவது கை வைத்திருக்கிறார்களா?

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். செல்லோ டேப் கண்ணுக்குத் தெரியும். தெரியாதது வண்ணப் பூச்சு. உதிர்ந்த இடத்தில் அதே நிற ஸ்கெட்ச் பேனாவால் தடவியிருப்பார்கள். அட்டையைத் திறந்து உட்புறத்தைப் பாருங்கள், மை ஊறி மறுபக்கம் கசிந்திருக்கும். பூசிய இடத்தின் பளபளப்பும் சாய்ந்த வெளிச்சத்தில் மாறித் தெரியும்.

அடுத்தது விளிம்பைச் சீவுவது. அடிபட்ட ஓரத்தை மெல்லிசாக வெட்டி எடுத்தால் புத்தகம் புதிது போலக் காட்சி தரும். பழுப்பேறிய பழைய இதழில் விளிம்பு மட்டும் புத்தம் புது வெட்டாக இருந்தால் ஸ்கேலை எடுங்கள். நிச்சயமான இன்னொரு பிரதியோடு அகல உயரத்தை ஒப்பிடுங்கள். இப்படி மராமத்துச் செய்த பிரதிகளுக்கு சி.ஜி.சி. ஊதா லேபிள் கொடுக்கிறது. எண் உயர்ந்ததாக இருந்தாலும், மராமத்து இல்லாததற்குக் கொடுக்கும் நீல லேபிள் பிரதியின் விலை அதற்குக் கிடைக்காது.

தமிழ் காமிக்ஸில் விளிம்பு சீவப்பட்டிருப்பதற்குப் பெரிய காரணம் பைண்டிங். பத்துப் பன்னிரண்டு இதழ்களை ஒன்றாகச் சேர்த்து, கடையில் கொடுத்து, தைத்து, மூன்று பக்கமும் சீவிப் பத்திரப்படுத்துவது நம் வீடுகளின் வழக்கம். அந்த அக்கறையால்தான் பல இதழ்கள் இன்று நமக்குக் கிடைக்கின்றன, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தொகுப்பிலிருந்து பிரித்து விற்கும்போது அதைச் சொல்லியாக வேண்டும். முதுகை ஒட்டி வரிசையாக ஊசித் துளை, பசைத் தடம், மேல் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட எழுத்து, இவைதான் அடையாளம்.

படி 7: இப்போது எண்

உங்கள் நோட்டில் ஹல்க் 181 பிரதி ஒன்றுக்கு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: பக்கங்கள் முழுசு, ஸ்டாம்ப் இருக்கிறது. நிறம் உடைந்த முதுகுக் கோடு 4. பின்னட்டை வலது கீழ் மூலையில் ஓர் அங்குல மடிப்பு. மேல் பின்னைச் சுற்றி அட்டை கிழிந்து கழன்றிருக்கிறது. பின்னில் லேசான துரு. காகிதம் கிரீம். மராமத்து இல்லை.

குறைகளைக் கூட்டிச் சராசரி பார்க்காதீர்கள். மிகப் பெரிய குறை எதுவோ அதுதான் உச்சவரம்பு. இங்கே அட்டை ஒரு பின்னிலிருந்து கழன்றதுதான் பெரிய குறை, அது 'வெரி குட்' எனப்படும் 4.0 வட்டாரத்துக்கு உரியது. மற்றவை அதை மேலும் கீழே இழுக்குமா என்று பாருங்கள். கோடு, மடிப்பு, துரு மூன்றும் 4.0இல் சாதாரணமாக இருப்பவைதான். ஆகவே 4.0. அட்டை மட்டும் கழலாமல் இருந்திருந்தால் 6.0, அதாவது 'ஃபைன்' வரை யோசித்திருக்கலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொன்னால்: 9.4 'நியர் மின்ட்', தேடினால்தான் குறை தெரியும். 8.0 'வெரி ஃபைன்', படித்த அடையாளம் கொஞ்சம் உண்டு, அழகு கெடவில்லை. 2.0 'குட்', நன்றாக அடிபட்டது, ஆனால் கதை முழுசாகப் படிக்கலாம். 'குட்' என்று போட்டிருப்பதை நம்பி நல்ல பிரதி என்று வாங்கிவிடாதீர்கள். பக்கம் காணவில்லை என்றால் 0.5.

இரண்டு எண்களுக்கு நடுவே தடுமாறினால் குறைவானதைப் போடுங்கள். வாங்குபவர் அதைவிட நல்லதாக இருக்கிறதே என்று சந்தோஷப்படட்டும். தமிழ் இதழ்களுக்கு இதே அளவுகோல்தான், சலுகை வேண்டாம். எழுபதுகளின் முத்து காமிக்ஸ் உண்மையான 6.0இல் கிடைத்தால் அது கொண்டாட வேண்டிய பிரதி.

விற்கும்போது எண்ணோடு நோட்டில் எழுதிய குறைப் பட்டியலையும் அப்படியே போடுங்கள். தரம் பார்த்த கையோடு டேப்பை உரிக்கவோ, ரப்பரால் அழிக்கவோ, துருப்பிடித்த பின்னை மாற்றவோ வேண்டாம். அமிலமில்லாத அட்டை ஒன்றைப் பின்னால் வைத்து, பாலியெஸ்டர் உறையில் போட்டு, வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள்.