பழைய மடிக்கணினிக்குப் புது எஸ்எஸ்டி: வீட்டிலேயே மாற்றும் முறை

சுவிட்சைத் தட்டிவிட்டுப் போய்த் தேத்தண்ணி கலக்கிக்கொண்டு வந்தாலும் இன்னும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும் மடிக்கணினிகள் பேராக், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பல வீடுகளில் உண்டு. வீட்டிலிருந்தே பாடம் படித்த பிடிபிஆர் காலத்தில் பிள்ளைகளின் பாடத்துக்காக அவசரமாக வாங்கியவை, அண்ணன் பல்கலைக்கழகம் முடித்துவிட்டுத் தங்கைக்குக் கொடுத்தவை, கோயில் நிர்வாகக் கணக்கைச் சுமப்பவை. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பிராசஸர் இன்னும் போதும். தாமதத்துக்குக் காரணம் உள்ளே சுழலும் ஹார்டிஸ்க்.

நிமிடத்துக்கு 5400 சுற்று சுழலும் தட்டு ஒரு சுற்று முடிக்க 11 மில்லிவினாடி ஆகும். ஊசி இடம் மாறும் நேரத்தையும் சேர்த்தால் ஒவ்வொரு சிறு கோப்பையும் தேடி எடுக்க ஏறக்குறைய 15 மில்லிவினாடி. விண்டோஸ் எழும்போது இப்படி ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அங்குமிங்குமாகத் தேடுகிறது. எஸ்எஸ்டி என்பது கோப்புகளைச் சில்லுகளில் சேமிக்கும் டிஸ்க், அதில் சுழலும் தட்டு இல்லை. அதே தேடல் 0.1 மில்லிவினாடிக்குள் முடிந்துவிடும். மாற்றியவுடன் தெரியும் வேகம் இதிலிருந்துதான் வருகிறது.

ஸ்குரூ கழற்றி மாட்டும் வேலை அரை மணி நேரம்தான். கெட்டுப்போவது பெரும்பாலும் கோப்புகள், அதுவும் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன்பே. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அந்த முன்வேலையைப் பற்றியது.

எந்த எஸ்எஸ்டி பொருந்தும்

வாங்குவதற்கு முன் மடிக்கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை முழுசாகக் குறித்துக்கொள்ளுங்கள். அதை இணையத்தில் தேடினால் கழற்றும் காணொளியும் சர்வீஸ் மேனுவலும் கிடைக்கும். உங்கள் மாடல் ஹார்டிஸ்க்கை எப்படிப் பிடித்து வைத்திருக்கிறது என்பதை அங்கேயே பார்த்துவிடலாம்.

2.5 அங்குல சாட்டா (டிஸ்க்கை மடிக்கணினியோடு இணைக்கும் முறை) ஹார்டிஸ்க் உள்ள மடிக்கணினிதான் நம் வீடுகளில் அதிகம். இதற்கு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி நேராகப் பொருந்தும். தடிமனை மட்டும் கவனியுங்கள்: எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர், பழைய ஹார்டிஸ்க் பெரும்பாலும் 9.5 மில்லிமீட்டர். சட்டத்தில் ஸ்குரூவால் இறுகியிருந்தால் இடைவெளி பிரச்சினை இல்லை. ரப்பர் மட்டுமே பிடித்திருக்கும் மாடலில் 2.5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் சட்டம் ஒன்றை எஸ்எஸ்டியின் மேல் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஆடி ஆடி இணைப்பு விட்டுப்போகும்.

எம்.2 என்ற சூயிங்கம் வடிவ எஸ்எஸ்டி வேறு. அதிலும் சாட்டா வகை, என்விஎம்இ என்ற வேறு இணைப்பு வகை என்று இரண்டு உண்டு. வடிவம் ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றுக்குரிய இடத்தில் மற்றது வேலை செய்யாமல் போகலாம். விலை மலிவாக இருக்கிறதே என்று எம்.2 வாங்கிவிட்டு, அதற்கான ஸ்லாட்டே இல்லாத மடிக்கணினியோடு நிற்பதுதான் இந்த வேலையில் மிகவும் சாதாரணமாக நடக்கும் தவறு.

மாற்றவே முடியாத ரகமும் உண்டு. மிக மலிவான மெல்லிய மடிக்கணினிகள் சிலவற்றில் 32 அல்லது 64 ஜிபி இஎம்எம்சி எனும் சேமிப்புச் சில்லு போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருக்கும். விண்டோஸில் சி டிரைவின் மொத்த அளவு 29 அல்லது 58 ஜிபிக்குள் காட்டினால் சந்தேகப்படுங்கள். கூடுதல் ஸ்லாட் இருக்கிறதா என்று பார்க்கும்வரை காசைச் செலவழிக்க வேண்டாம்.

அளவைப் பொறுத்தவரை, 240 ஜிபி என்று எழுதியிருந்தால் விண்டோஸ் 223 என்று காட்டும், 480 என்றால் 447. ஏமாற்று வேலை இல்லை, எண்ணும் முறை அப்படி. இப்போது பயன்பாட்டில் இருக்கும் அளவோடு கால் பங்கு சேர்த்து வாங்குங்கள். எஸ்எஸ்டி நிரம்பி வழியும்போது எழுதும் வேகம் குறைந்துவிடும். 2010ஐ ஒட்டிய மடிக்கணினிகள் சிலவற்றில் சாட்டா இணைப்பின் வேகம் விநாடிக்கு 3 கிகாபிட்தான், எஸ்எஸ்டியோ 6 வரை போகும். அதற்காகத் தயங்க வேண்டாம், கோப்பைத் தேடும் நேரம் அங்கேயும் அதே அளவுக்குக் குறையும்.

பட்டணத்துக் கடையில் இல்லையென்றால் ஈப்போவுக்குப் போகலாம், அல்லது இணையத்தில் வரவழைக்கலாம். இணையத்தில் நம்ப முடியாத விலைக்கு 2 டிபி என்று வந்தால் தொடாதீர்கள். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலிகள் உண்டு. எழுத எழுத முந்தைய கோப்புகளையே அழித்துவிடும். பொருள் வந்த அன்றே எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற மென்பொருளால் முழுவதும் எழுதிப் படித்துச் சோதித்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு அதற்குள் தாண்டிவிடக் கூடாது.

பழைய ஹார்டிஸ்க்கின் உடல்நிலை

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளைப் பாருங்கள். கடைசிப் பத்தியில் மூன்றும் பூஜ்யம் என்றால் நிம்மதி. சி5இல் எண் இருந்தால் டிஸ்க் படிக்கத் திணறும் இடங்கள் உள்ளன என்று பொருள். அந்த நிலையில் குளோன் (டிஸ்க்கை விண்டோஸோடு அப்படியே நகலெடுப்பது) செய்யாதீர்கள். குளோன் மென்பொருள் கெட்ட இடத்திலேயே திரும்பத் திரும்ப முட்டும், சாகக் கிடக்கும் டிஸ்க் அந்த உழைப்பிலேயே செத்துப்போகும். முதலில் படங்கள், பிள்ளைகளின் கோப்புகள், கணக்குகள் ஆகியவற்றை மட்டும் எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு நகலெடுங்கள். நகலெடுக்க மறுப்பவற்றுக்கு, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் பென்டிரைவிலிருந்து எழுப்பி, டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளைப் பயன்படுத்தலாம். அது நல்ல இடங்களை முதலில் எடுத்துவிட்டுக் கெட்ட இடங்களுக்குக் கடைசியில் வரும். டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். விலைமதிப்புள்ள கோப்புகள் இருந்தால் அது தரவு மீட்பு செய்பவர்களிடம் போக வேண்டிய டிஸ்க்.

சி7இல் மட்டும் எண் ஏறினால் பழி டிஸ்க்கின் மேல் அல்ல, பெரும்பாலும் கேபிள் அல்லது இணைப்பின் மேல். நம் ஊர்ப் புழுக்கத்தில் இணைப்பு முனைகள் மங்குவது சகஜம். மாற்றும்போது அந்த முனையையும் பார்த்துவிடுங்கள்.

குளோனா, புது விண்டோஸா

இப்போதுள்ள விண்டோஸ் ஒழுங்காக ஓடுகிறது, டிஸ்க்கும் நலம் என்றால் குளோன் செய்யுங்கள். வைரஸ் தொல்லை, காரணம் தெரியாத பிழைகள் என்றால் புதிதாகப் போடுவதே நல்லது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பது ஏறக்குறைய எட்டாம் தலைமுறை இன்டலிலிருந்துதான், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அதற்கு முந்தைய மடிக்கணினிக்கு லினக்ஸ் மின்ட் போடுவதே எங்கள் பரிந்துரை: உலாவி, எழுத்து வேலை, கூகள் கிளாஸ்ரூம் எல்லாம் நடக்கும். உரிமம் பற்றிய பயம் வேண்டாம். விண்டோஸின் டிஜிட்டல் உரிமம் மதர்போர்டைச் சார்ந்தது, டிஸ்க்கை மாற்றினால் போகாது.

புதிதாகப் போடுபவர்கள் மறப்பது தமிழ் எழுத்துருக்களை. பழைய தமிழ்ப்பள்ளிக் கடிதங்களும் கோயில் கூட்டக் குறிப்புகளும் யூனிகோடுக்கு முந்தைய முரசு அஞ்சல் எழுத்துருக்களில் இருக்கலாம். எழுத்துரு இல்லாமல் திறந்தால் கிறுக்கல்தான் தெரியும். விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையையும் நகலெடுத்து வையுங்கள்.

குளோன் செய்ய சாட்டாவிலிருந்து யூஎஸ்பி 3.0க்கு மாற்றும் கேபிள் ஒன்று வேண்டும். சாம்சுங், கிங்ஸ்டன், வெஸ்டர்ன் டிஜிட்டல் போன்றவை தங்கள் எஸ்எஸ்டிக்கான குளோன் மென்பொருளைப் பெரும்பாலும் இலவசமாகத் தருகின்றன. குளோன்சில்லா என்ற இலவச மென்பொருளும் நல்லது, ஆனால் புது டிஸ்க் பழையதைவிடச் சிறியது என்றால் அது சாதாரணமாக மறுத்துவிடும். முதலில் விண்டோஸில் பார்ட்டிஷன் எனும் டிஸ்க் பிரிவைச் சுருக்க வேண்டும். பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, பிட்லாக்கரை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்.

200 ஜிபிக்கு யூஎஸ்பி 3.0 துளையில் முக்கால் மணி நேரம் ஆகலாம், யூஎஸ்பி 2.0 துளையில் இரண்டு மணி நேரம். காலையிலேயே தொடங்குங்கள். நம் பக்கம் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். நடுவில் கரண்ட் போனால் குளோன் பாழ், மின்னல் இறங்கினால் மதர்போர்டும் போகலாம். பேட்டரி ஒரு மணி நேரமாவது தாங்குமா என்று முந்தின நாளே பாருங்கள். இடி கேட்டால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட விடுங்கள். குளோன் தொடங்கும் முன் எது மூலம், எது இலக்கு என்பதை மாடல் பெயரை வைத்து இரண்டு முறை பாருங்கள். மாற்றிக் கொடுத்தால் வெற்று டிஸ்க் உங்கள் கோப்புகளின் மேல் எழுதப்படும், மீட்க வழியில்லை.

கழற்றுவதும் மாட்டுவதும்

ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். அப்போதுதான் முழுசாக அணையும். சார்ஜரைக் கழற்றுங்கள். தாழ்ப்பாள் வைத்த பேட்டரி என்றால் எடுத்துவிடலாம். உள்ளே பதிந்த பேட்டரி என்றால் மூடியைத் திறந்தவுடன் முதல் வேலை அதன் இணைப்பைக் கழற்றுவது. பிறகு பவர் பொத்தானை 20 விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள்.

பிஎச்0, பிஎச்1 என்ற இரண்டு ஸ்குரூ டிரைவர்கள் போதும். பெரிய முனையால் சிறிய ஸ்குரூவைத் திருப்பினால் தலை மழுங்கிவிடும், அப்புறம் அதை எடுப்பதே தனி வேலை. ஒரு அட்டையில் மடிக்கணினியின் அடிப்பாகத்தை வரைந்து, கழற்றும் ஸ்குரூவை அதே இடத்தில் குத்தி வையுங்கள். நீளமான ஸ்குரூ குட்டையான துளைக்குள் போனால் மேல்பக்கத் தட்டு வீங்கும் அல்லது உடையும்.

எல்லா ஸ்குரூவும் கழன்ற பிறகும் மூடி வரவில்லையா? இழுக்காதீர்கள். ரப்பர் பாதங்களின் அடியிலும் ஸ்டிக்கரின் அடியிலும் டிவிடி டிரைவ் இருந்த குழியிலும் ஒளிந்திருக்கும் ஸ்குரூவைத் தேடுங்கள். பிறகு காலாவதியான டச் அண்ட் கோ டோல் அட்டை போன்ற ஒன்றை ஓரத்தில் செருகி, கொக்கிகளை ஒவ்வொன்றாக விடுவியுங்கள். விசைப்பலகைப் பக்கமாகத் திறக்கும் மாடல்களில் அடியில் ரிப்பன் கேபிள் இருக்கும். சில அங்குலம் தூக்கியதும் நிறுத்தி, அதன் பூட்டை நகத்தால் தூக்கிவிட்டுத்தான் கேபிளை எடுக்க வேண்டும்.

ஹார்டிஸ்க்கை மேலே தூக்காதீர்கள், இணைப்பிலிருந்து பக்கவாட்டில் நகர்த்துங்கள். தூக்கினால் எல் வடிவப் பிளாஸ்டிக் நாக்கு உடையும். சட்டத்தின் நான்கு ஸ்குரூக்களையும் கழற்றி எஸ்எஸ்டியில் மாட்டுங்கள், பாதி இறுக்கம் போதும். சில மாடல்களில் ஹார்டிஸ்க் முனையில் சிறு அடாப்டர் ஒன்று ஒட்டியிருக்கும். டிஸ்க்கின் பகுதி என்று நினைத்து அதைப் பழையதோடு போட்டுவைத்துவிட்டு, புதியது பொருந்தவில்லை என்று தவிப்பார்கள். அதையும் மாற்றிப் போட வேண்டும்.

திறந்ததோடு விசிறியையும் பாருங்கள். தோட்டத்துச் செம்மண் தூசி துவாரங்களை அடைத்திருக்கும். விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு மென்மையான தூரிகையால் தட்டுங்கள். ஊதுவதாக இருந்தாலும் விசிறியைப் பிடித்துக்கொண்டுதான் ஊத வேண்டும்.

மாட்டியும் எழவில்லை என்றால்

பவர் போட்டவுடன் விசையை அழுத்தி, பயோஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் போங்கள்: டெல், ஏசர், அசூஸில் எஃப்2, எச்பியில் எஃப்10, திங்க்பேடில் எஃப்1. எஸ்எஸ்டியின் பெயரே தெரியவில்லை என்றால் இணைப்பு உட்காரவில்லை, கழற்றி மறுபடி அழுத்துங்கள். பெயர் தெரிந்தும் விண்டோஸ் வரவில்லை என்றால் எழும் வரிசையை (பூட் ஆர்டர்) பாருங்கள். ஏசரில் எஃப்12 பூட் மெனு அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம், பயோஸில் இயக்க வேண்டும். நீலத் திரையில் இன்ஆக்சசபிள் பூட் டிவைஸ் என்று வந்தால், சாட்டா அமைப்பு ஏஎச்சிஐயிலிருந்து ரெய்டுக்கோ ஐடிஇக்கோ மாறியிருக்கும், பழையபடி வையுங்கள். பழைய டிஸ்க் லெகசி என்ற பழைய எழும் முறையில் இருந்தால் குளோனும் லெகசியில்தான் எழும். யூஇஎஃப்ஐ என்ற புதிய முறைக்கு மாற்றிவிட்டுத் தேடினால் கிடைக்காது. முதல் தடவை எழும்போது பழைய டிஸ்க்கை யூஎஸ்பியில் சொருகி வைக்காதீர்கள். இரண்டின் அடையாள எண்ணும் ஒன்றாக இருப்பதால் விண்டோஸ் குழம்பும்.

எழுந்ததும் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் பக்கத்தில் சி டிரைவ் சாலிட் ஸ்டேட் டிரைவ் என்று காட்டுகிறதா என்று பாருங்கள். அப்படிக் காட்டினால் விண்டோஸ் தேவையான பராமரிப்பைத் தானே செய்யும். 4 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினியில் உலாவியில் பத்துப் பக்கம் திறந்தால் இன்னும் திணறும். அது எஸ்எஸ்டியின் குறை அல்ல. ரேமையும் 8 ஜிபி ஆக்க நினைத்தால் டிடிஆர்3 வேறு, குறைந்த மின்னழுத்த டிடிஆர்3எல் வேறு என்பதைப் பார்த்து வாங்குங்கள்.

பழைய ஹார்டிஸ்க்கை இரண்டு வாரமாவது தொடாமல் எடுத்து வையுங்கள். மறந்துபோன கோப்பு ஒன்று எப்போதும் இருக்கும். அதன் பிறகு, உடல்நிலை நன்றாக இருந்தால் யூஎஸ்பி பெட்டியில் போட்டுப் படங்களின் இரண்டாவது பிரதிக்கு வைத்துக்கொள்ளலாம். கெட்டது என்றால் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். மலேசியாவில் மின்னணுக் கழிவு எஸ்டபிள்யூ 110 என்ற பிரிவில் கட்டுப்படுத்தப்பட்ட கழிவு. முடிந்தால் முழுமையாக அழித்தெழுதிவிட்டு, முடியாவிட்டால் தட்டைத் துளைத்துவிட்டு, மின்னணுக் கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள்.