திரவத் தடிப்பைப் பழக ஒரு சிரிஞ்சு போதும்
டர்பனில் பேச்சுச் சிகிச்சை பயிலும் நம் மாணவர்கள், விழுங்கற் கோளாறுக்கான ஐடிடிஎஸ்ஐ (உணவு, பானங்களின் தடிப்பை எண்ணிட்டு வகுக்கும் பன்னாட்டுத் தர முறை) தடிப்பு நிலைகளைப் பழக, விலை கூடிய தடிப்பு மாவை வாங்க வேண்டியதில்லை; 0 முதல் 10 மில்லி கோடு வரை 61.5 மில்லிமீட்டர் நீளமுள்ள சிரிஞ்சின் தண்டை உருவி, முனையை விரலால் அடைத்து, வீட்டு மோரையோ வடிகட்டிய ஆடிக் கூழையோ 10 மில்லி ஊற்றி, 10 விநாடி ஒழுகவிட்டு எஞ்சியதைப் பாருங்கள். 1 முதல் 4 மில்லி வரை நின்றால் நிலை 1, 8 வரை நிலை 2, அதற்கு மேல் நின்றும் வடிந்தால் நிலை 3.

எந்தப் பானமானாலும் அது ஓடும் வேகத்தை வைத்தே இந்நிலைகள் வகுக்கப்பட்டிருப்பதால் கூழும் பயிற்சிக்கு ஏற்றதே. ஆற ஆற இறுகும் என்பதால் பரிமாறும் சூட்டில் அளக்க வேண்டும். துளியும் வடியாத நிலை 4-க்கு முள்கரண்டிச் சோதனையும் (முட்களிடையே ஒழுகுகிறதா எனப் பார்ப்பது) கரண்டிச் சாய்வுச் சோதனையுமே (சாய்த்தால் கரண்டியிலிருந்து வழுக்கி விழுகிறதா எனப் பார்ப்பது) உதவும். நோயாளிக்குரிய தடிப்பை, அவரை மதிப்பிட்ட சிகிச்சையாளரே முடிவு செய்வார்.