பிசியோதெரபிக்குப் போகிறீர்களா? முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை கவனிக்க வேண்டியவை

வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அப்படிப் பார்த்தால் வாரத்தின் 168 மணி நேரத்தில் நீங்கள் பிசியோதெரபி நிலையத்தில் இருப்பது இரண்டேகால் மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் அந்த முழங்காலோ தோளோ இடுப்போ உங்கள் பொறுப்பில் இருக்கிறது. படுக்கவைத்து யாராவது சரிசெய்து அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்துப் போகிறவர்கள் சீக்கிரமே சலித்துப்போகிறார்கள். நிலையத்தில் நடக்கும் முக்கியமான வேலை, கோளாறு எங்கே என்று பார்ப்பது, எவ்வளவு பயிற்சி தாங்கும் என்று அளவு பிடிப்பது, அதைச் சரியாகச் செய்யக் கற்றுத்தருவது. நீங்கள் தரும் தகவல் தெளிவாக இருந்தால்தான் இவை சரியாக நடக்கும்.

முதல் நாள் கையில் என்ன இருக்க வேண்டும்

எக்ஸ்ரே, ஸ்கேன் அறிக்கைகள் இருந்தால் எடுத்துப்போங்கள். அறுவை சிகிச்சை நடந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி கட்டாயம். எந்தத் திசுவைத் தைத்தார்கள், எத்தனை வாரம் காலில் பாரம் ஏற்றக் கூடாது, எத்தனை டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது என்ற விவரமெல்லாம் அதில்தான் இருக்கும். ‘முட்டியில ஜவ்வு ஆபரேஷன்’ என்று மட்டும் சொன்னால் போதாது. மெனிஸ்கஸில் (முழங்கால் மூட்டுக்குள் மெத்தை போல இருக்கும் ஜவ்வு) கிழிந்த பகுதியை வெட்டி எடுத்திருந்தால் ஓரளவு சீக்கிரமே மடக்கி நடக்க விடுவார்கள். அதையே தைத்திருந்தால், பாரத்தோடு ஆழமாக மடக்கினால் தையல் பிய்ந்துவிடும் என்பதால் சில வாரங்கள் கட்டுப்பாடு உண்டு. வெளியே தெரியும் தழும்பைப் பார்த்து இரண்டில் எது என்று சொல்ல முடியாது.

சாப்பிடும் மருந்துகளின் பட்டியலும் வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவருக்கு அழுத்தித் தேய்த்தால் ரத்தம் கட்டும். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் எடுப்பவரின் நாடித்துடிப்பு உழைப்புக்கு ஏற்ப ஏறாது, அதனால் நாடியை நம்பாமல் ‘எவ்வளவு சிரமமாக இருக்கிறது’ என்று கேட்டுத்தான் பயிற்சியைக் கூட்ட வேண்டும். நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவருக்கு எலும்பு வலுவிழந்து தோலும் மெலிந்திருக்கக்கூடும். பேஸ்மேக்கர், கர்ப்பம், முன்பு வந்த புற்றுநோய், சர்க்கரையால் மரத்துப்போன பாதம் ஆகியவற்றை யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். மின்சிகிச்சை கொடுக்கலாமா, சூடு வைக்கலாமா என்பது இவற்றைப் பொறுத்தே முடிவாகும்.

உடை விஷயத்தில் கூச்சம் பார்த்தால் பரிசோதனை அரைகுறையாகத்தான் நடக்கும். முழங்காலுக்குத் தொடை வரை மடித்துவிடக்கூடிய உடை, தோளுக்குக் கையில்லாத பனியன் போன்றது. திரையும் போர்த்திக்கொள்ள விரிப்பும் கேட்கலாம், துணைக்கு ஒருவரை உள்ளே வைத்துக்கொள்ளலாம். அன்றாடம் போடும் செருப்பையே போட்டுப் போங்கள். ஒரு பக்கம் தேய்ந்த குதிகாலைப் பார்த்தாலே நடையைப் பற்றிப் பாதி புரிந்துவிடும்.

வலியை எப்படிச் சொல்வது

‘ரொம்ப வலிக்குது’ என்பதை வைத்து எதுவும் செய்ய முடியாது. ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடமா, உள்ளங்கை அகலத்துக்குப் பரவியதா என்று முதலில் காட்டுங்கள். சுளீரென்று கீழே ஓடுகிறதா, எரிகிறதா, மரத்துப்போகிறதா? அப்படியென்றால் நரம்பைச் சந்தேகிப்பார்கள். குடைச்சலும் இறுக்கமும் என்றால் மூட்டையும் தசையையும் பார்ப்பார்கள். 0 முதல் 10 வரை எண் கேட்டால் ஒரே எண்ணாகச் சொல்லாதீர்கள். இப்போது எவ்வளவு, இந்த வாரத்தில் மிக மோசமாக இருந்தபோது எவ்வளவு, மிகக் குறைவாக இருந்தபோது எவ்வளவு என்று மூன்றாகச் சொல்லுங்கள்.

அதைவிடப் பயனுள்ள தகவல்கள் இரண்டு. ஒன்று, கிளறிவிட்ட பிறகு வலி அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது. படி இறங்கினால் வலித்து ஐந்து நிமிடத்தில் போய்விடுகிறது என்பவருக்கும், ஒருமுறை இறங்கினால் மறுநாள் வரை நிற்கிறது என்பவருக்கும் ஒரே பயிற்சியைத் தர முடியாது. இன்னொன்று காலை இறுக்கம். எழுந்து நடமாடிய சில நிமிடங்களில் தளர்ந்தால் அது பெரும்பாலும் தேய்மானத்தின் குணம். அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் வாதம் போன்ற அழற்சி நோயா என்று மருத்துவர் பார்க்க வேண்டியிருக்கும்.

தொடையிடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போவது, புதிதாகச் சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போவது அல்லது சிறுநீர் வராமல் நிற்பது, இரண்டு கால்களும் வலுவிழப்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் பிசியோதெரபி நேரத்துக்காகக் காத்திருக்கக் கூடாது, உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அறுவைக்குப் பிறகு ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தாலும் அப்படித்தான். அது ரத்தக்கட்டியாக இருக்கலாம், அமுக்கித் தேய்க்கவே கூடாது. அதோடு மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். காரணமில்லாமல் எடை குறைவது, காய்ச்சலோடு முதுகுவலி, எப்படிப் படுத்தாலும் அடங்காத இரவு வலி ஆகியவற்றை மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் பயிற்சிக்கு வர வேண்டும்.

அளவெடுப்பார்கள், அந்த எண்களைக் கேட்டு வாங்குங்கள்

கோணமானியை மூட்டில் வைத்து எத்தனை டிகிரி மடங்குகிறது, நீள்கிறது என்று பார்ப்பார்கள். தசை வலுவுக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண். புவியீர்ப்பை எதிர்த்து முழுவதும் தூக்க முடிந்தால் 3, அதோடு அவர்கள் கையால் கொடுக்கும் முழு எதிர்ப்பையும் தாங்கினால் 5. வயதானவர்களை நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரச் சொல்லி நேரம் பார்ப்பார்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருப்பதாக எடுத்துக்கொள்வது வழக்கம். அரை நிமிடத்தில் கையை ஊன்றாமல் எத்தனை முறை உட்கார்ந்து எழ முடிகிறது என்பது இன்னொரு சோதனை. சோதனையில் வீரம் காட்டாதீர்கள். வீட்டில் கையை ஊன்றித்தான் எழுகிறீர்கள் என்றால் அங்கேயும் அதைச் சொல்லிவிடுங்கள்.

இந்த எண்களைத் தேதியோடு ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். வலி ஏறி இறங்கும், மனதையும் ஏமாற்றும். ‘ஒரு மாசமா ஒண்ணும் மாறல’ என்று தோன்றும் நாளில், 70 டிகிரி மடங்கிய முழங்கால் 95க்கு வந்திருப்பதை நோட்டுதான் காட்டும். மேலும், பெரிய நிலையங்களில் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பிசியோதெரபிஸ்ட் பார்ப்பது சகஜம். அப்போது உங்கள் வரலாறு தடம் மாறாமல் இருக்கவும் இதே நோட்டு உதவும்.

இலக்கைச் சொல்லும்போது ‘வலி போகணும்’ என்பதோடு நிறுத்தாமல், ‘கைப்பிடி பிடிக்காமல் இரண்டு மாடி ஏற வேண்டும்’, ‘தலைக்கு மேல் அலமாரியில் பாத்திரம் வைக்க வேண்டும்’ என்பது போலச் சொல்லுங்கள். பயிற்சியை அதிலிருந்துதான் பின்னோக்கி அமைப்பார்கள். படி ஏற முழங்கால் ஏறத்தாழ 80 முதல் 85 டிகிரி மடங்க வேண்டும், சாதாரண நாற்காலியிலிருந்து எழ 90ஐச் சற்றுத் தாண்ட வேண்டும்.

ஒத்தடம், மின்சாரம், அல்ட்ராசவுண்ட்

இவற்றைக் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் இவை வழியைத் திறந்துவிடும், அவ்வளவுதான். வலி தணிந்திருக்கும் அந்த நேரத்துக்குள் பயிற்சி நடக்காவிட்டால் பயன் மறுநாளே கரைந்துவிடும். வாரக்கணக்கில் மெஷின் மட்டும் வைத்து அனுப்பினால், ‘எனக்குப் பயிற்சி எப்போது ஆரம்பிக்கும்?’ என்று கேளுங்கள்.

சூட்டுப் பை 70 டிகிரி செல்சியஸுக்கு மேலுள்ள நீரிலிருந்து எடுக்கப்படுகிறது. துண்டு ஆறு முதல் எட்டு அடுக்கு இருக்க வேண்டும், 15 முதல் 20 நிமிடம். வைத்தவுடன் இதமாக இருந்தது ஐந்தாறு நிமிடத்தில் சுடத் தொடங்கலாம், அப்போது தாங்கிக்கொள்ளாமல் கூப்பிடுங்கள். பையின் மேல் படுக்கக் கூடாது. உடல் எடை ரத்த ஓட்டத்தை அமுக்குவதால் சூடு ஓரிடத்தில் தேங்கித் தோல் வெந்துவிடும். மின்சிகிச்சையில் வர வேண்டியது எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பு. ஊசி குத்துவது போலிருந்தால் தோலில் ஒட்டிய மின்பட்டையின் ஓரம் பிரிந்திருக்கிறது அல்லது உலர்ந்துவிட்டது என்று பொருள். ஒலி அலையால் திசுவைச் சூடாக்கும் அல்ட்ராசவுண்ட் சிகிச்சையின்போது உடலில் பெரிதாக எதுவும் உணர மாட்டீர்கள். திடீரென்று ஆழத்தில் சுருக்கென்று வலித்தால் எலும்பின் மேலுறை சூடாகிறது, உடனே சொல்ல வேண்டும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. முழங்கால் அறுவைக்குப் பிறகு முன்தொடைத் தசை பேச்சே கேட்காமல் கிடக்கும். அது சோம்பல் அல்ல. மூட்டுக்குள் இருக்கும் வீக்கம் அந்தத் தசைக்குப் போகும் கட்டளையைத் தடுத்துவிடுகிறது. அப்போது தசையையே சுருங்கவைக்கும் வகை மின்தூண்டல், நீங்களும் கூடவே இறுக்க முயன்றால், நல்ல பலன் தரும். கூடவே வீக்கத்தைக் குறைக்காமல் பயிற்சியை மட்டும் கூட்டிப் பயனில்லை.

பயிற்சி: எவ்வளவு, எப்போது நிறுத்துவது

தசை வலுவுக்குப் பொதுவான அளவு 8 முதல் 12 தடவை, இரண்டு அல்லது மூன்று சுற்று, வாரத்தில் இரண்டு மூன்று நாள், நடுவே ஒரு நாள் இடைவெளி. கடைசி இரண்டு தடவை சிரமமாக இருக்க வேண்டும். பன்னிரண்டும் பேச்சுவாக்கில் முடிந்துவிட்டால் எடை போதவில்லை. நீட்டிப் பிடிக்கும் பயிற்சியை 30 விநாடி வைத்து, இரண்டு முதல் நான்கு தடவை தினமும் செய்யலாம். முதல் சில வாரங்களில் கூடும் வலு பெரும்பாலும் நரம்புகள் தசையை நன்றாக வேலைவாங்கக் கற்றுக்கொள்வதால் வருவது. தசை பருக்க இரண்டு மாதம் போல் ஆகும். ‘இப்போ பரவாயில்ல’ என்று மூன்றாம் வாரமே நிறுத்துபவர்களுக்கு வலி திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வலிக்கு ஒரு கணக்கு: பயிற்சியின்போது 3 வரை இருந்தால் தொடரலாம். 4, 5 என்றால் கவனத்தோடு செய்து, 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். 6ஐத் தொட்டாலோ மறுநாள் காலை முன்பைவிட மோசமாக இருந்தாலோ அளவு அதிகம். அப்போது பயிற்சியையே விட்டுவிடாமல், எடையையோ எண்ணிக்கையையோ பாதியாக்குங்கள். புதுப் பயிற்சிக்கு ஒன்றிரண்டு நாள் கழித்துச் சதையில் பரவலாக வரும் வலி இயல்பானது, சில நாளில் போய்விடும். மூட்டுக்குள் குத்துவதும், வீங்கிச் சூடாவதும் அந்த வகை அல்ல. அறுவைக்குப் பிறகு மருத்துவர் வைத்த தடைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வலியே இல்லாவிட்டாலும் அவற்றை மீறக் கூடாது.

இந்தக் கணக்கு எடுபடாத இன்னொரு இடம், மூட்டு வலித்து இறுகி அசைய மறுக்கும் உறைந்த தோள். வலி உச்சத்தில் இருக்கும் கட்டத்தில் முரட்டுத்தனமாக இழுத்தால் இன்னும் கிளறிவிடும். முழுதாக அடங்க ஒன்று முதல் மூன்று ஆண்டுகள்கூட ஆகும் நோய் அது.

தவறு எங்கே நடக்கிறது என்றால், வலுவில்லாத தசையின் வேலையைப் பக்கத்துத் தசை பிடுங்கிக்கொள்ளும் இடத்தில்தான். கையைத் தூக்கும்போது தோள் காதுவரை ஏறுவது, உட்கார்ந்து எழும்போது முழங்கால்கள் உள்பக்கம் சாய்வது, காலை நேராகத் தூக்கச் சொன்னால் முட்டி லேசாக மடங்கியபடி எழுவது எல்லாம் இப்படித்தான். கண்ணாடி முன்னால் செய்யுங்கள், செய்யும் முறை குலைந்தவுடன் அந்தச் சுற்றை முடித்துக்கொள்ளுங்கள். மூச்சை அடக்காமல் இருக்கச் சத்தமாக எண்ணுவது நல்ல வழி. அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும்.

முழங்கால் மாற்று சிகிச்சைக்குப் பிறகு பலர் செய்யும் காரியம், முட்டிக்குக் கீழே தலையணை வைத்துப் படுப்பது. சுகமாகத்தான் இருக்கும். ஆனால் மடங்கிய நிலையிலேயே பின்புறத் திசுக்கள் இறுகிவிடும். முழுவதும் நீளாத காலோடு நடந்தால் முன்தொடைத் தசைக்கு ஓய்வே கிடைக்காது, சீக்கிரம் களைத்து நொண்டத் தொடங்குவீர்கள். தலையணைக்குப் பதில் சுருட்டிய துண்டைக் குதிகாலுக்குக் கீழே வைத்து, முட்டியைத் தொங்கவிட்டு, ஐந்து முதல் பத்து நிமிடம், நாளில் சில தடவை வையுங்கள். எல்லோரும் எத்தனை டிகிரி மடங்குகிறது என்றே கேட்பார்கள். நீளும் அந்தக் கடைசி ஐந்து டிகிரிதான் பிற்பாடு மீட்கக் கடினம்.

பக்கவாதம் வந்தவரைத் தூக்கிவிடும் வீட்டார், செயலிழந்த கையைப் பிடித்தோ அக்குளில் கைகொடுத்தோ இழுக்கக் கூடாது. தாங்கிப்பிடிக்கத் தசையில்லாத தோள் கிண்ணத்திலிருந்து நழுவிவிடும். இடுப்பில் பட்டை கட்டி அதைப் பிடித்துத் தூக்கும் முறையை நிலையத்தில் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

வீட்டில்

அச்சடித்த படத்தாளை மட்டும் நம்பாதீர்கள். அங்கே நீங்கள் செய்து, அவர்கள் திருத்திய பிறகு, உங்கள் போனிலேயே வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். எட்டுப் பயிற்சி கொடுத்தால், ‘நேரமில்லாத நாளில் எந்த மூன்றைச் செய்வது?’ என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் பயிற்சி, எண்ணிக்கை, மறுநாள் காலை வலி எண் இருந்தால் போதும். செய்யாத நாட்களையும் மறைக்காமல் எழுதுங்கள். செய்ததாகச் சொன்னால், பயிற்சி பலிக்கவில்லை என்று நினைத்துத் திட்டத்தையே மாற்றிவிடுவார்கள்.

ரப்பர் பட்டையின் நிறம் எதிர்ப்பைக் குறிக்கும். ஆனால் ஒரு நிறுவனத்தின் பச்சையும் இன்னொன்றின் பச்சையும் ஒரே பலமாக இருக்காது. வெள்ளைக் கோடோ சிறு கிழிசலோ தெரிந்தால் எறிந்துவிடுங்கள், அறுந்தால் நேராகக் கண்ணில்தான் அடிக்கும்.

கைத்தடியைக் கெட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்துக்கு வர வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கெட்ட காலும் தடியும் முதலில்.

முன்னேற்றம் நின்றால், முடியும்போது

சில வாரங்களுக்கு ஒருமுறை முதல் நாள் அளவுகளையே மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். எண்கள் நகரவில்லை என்றால் வீட்டில் செய்யும் அளவு, எடை, நோய்க்கணிப்பு என்று இந்த வரிசையில் சந்தேகிப்பது நல்லது. பெரும்பாலும் முதல் இரண்டில்தான் விடை கிடைக்கும். பிடிக்காத தொடுதலோ தாங்க முடியாத அழுத்தமோ இருந்தால் ‘நிறுத்துங்க’ என்ற ஒரு சொல் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கடைசி நாளில் மூன்று விஷயங்களை எழுதி வாங்குங்கள். எந்தப் பயிற்சிகளை வாரம் இரண்டு நாள் தொடர வேண்டும், எடையை எப்போது கூட்டலாம், எது நடந்தால் திரும்பி வர வேண்டும். மூன்று நாளாகியும் வடியாத வீக்கம், நடக்கும்போது மூட்டு வழுக்கிவிடுவது, நோட்டில் இருக்கும் கோணம் 10 டிகிரிக்கு மேல் குறைவது ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.